கலங்கிய நீரை நிறுப்பது எப்படி?

புத்தளம் மாவட்டத்தில் இறால் வளர்ப்பில் முதல் போட்டிருக்கும் நமது வியாபாரிகளில் பலர் குளத்துக் கரையில் நின்று வேலை பார்ப்பவர்கள் அல்லர். ஒருவர் தீனியைக் கடனுக்குக் கொடுத்து அறுவடையில் கணக்குத் தீர்க்கிறார். இன்னொருவர் முழாரபா அடிப்படையில் பணம் கொடுத்து இலாபத்தில் பங்கு பெறுகிறார். வேறொருவர் இறாலை வாங்குவதற்கு முற்பணம் கொடுத்து வைத்திருக்கிறார். இவர்கள் எல்லோருடைய பணமும் தங்கியிருப்பது அந்தக் குளத்து நீரில்தான். ஆனால் நீரைப் பற்றிய அறிக்கை கையில் வந்தால் நம்மவர்கள் அதன் அடியிலுள்ள கையொப்பத்தையும் முத்திரையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அந்த அறிக்கையில் ஒரு வரியை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். டி.எஸ்.எஸ். என்று எழுதியிருக்கும். மொத்தத் தொங்கல் திண்மம் என்பது அதன் பொருள். நீரில் கரையாமல், அடியில் படியாமலும், இடையில் தொங்கிக்கொண்டு நிற்கும் துகள்களின் நிறை. களிமண், நுண்பாசி, இறாலின் கழிவு, கரைந்து உதிர்ந்த தீனி, பக்டீரியாக் கூட்டங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். ஒரு லீற்றர் நீரில் இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டி.டி.எஸ். என்று இன்னொன்று உண்டு. அது கரைந்துள்ள திண்மம், அதாவது பெரும்பாலும் உப்பு. கடல்நீரில் அது லீற்றருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம். டி.எஸ்.எஸ். சாதாரணமாகப் பத்துகளிலும் நூறுகளிலும் வருவது. பேனா போன்ற சிறு கருவியை நீரில் தோய்த்தவுடன் இலக்கம் காட்டுகிறதே, அது நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் கொண்டு உப்பைக் கணிக்கும் கருவி. கலங்கல் அதற்குத் தெரியாது. குளத்து நீரைச் சேறாகக் கலக்கிவிட்டு அதில் தோய்த்தாலும் ஏறக்குறைய அதே இலக்கத்தைத்தான் காட்டும். "திண்மம் அளக்கும் மீற்றர்" என்று சொல்லி இதை விற்க வருபவர்கள் இருக்கிறார்கள். உப்பு அளக்க வேண்டுமானால் வாங்குங்கள், கலங்கல் அளக்க வாங்க வேண்டாம்.

தராசு தெரிந்தவனுக்கு இது புதிதல்ல

தொங்கல் திண்மத்தை முறைப்படி அளப்பது என்பது உண்மையில் நிறுவை வேலை. நாம் கடையில் தினமும் செய்வதுதான். வெறும் சாக்கை நிறுக்கிறோம், சரக்கோடு நிறுக்கிறோம், சாக்கின் எடையைக் கழிக்கிறோம். ஆய்வுகூடத்தில் சாக்குக்குப் பதிலாகக் கண்ணாடி நாரால் செய்த வட்டமான வடிதாள் ஒன்று இருக்கும். அதன் துளைகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவானவை. அந்தத் தாளைக் கழுவி, காயவைத்து, முதலில் வெறுமையாக நிறுப்பார்கள். பிறகு அளந்தெடுத்த குளத்து நீரை அதன் மேல் ஊற்றி, கீழிருந்து வெற்றிடப் பம்பியால் உறிஞ்சுவார்கள். நீர் போய்விடும், துகள் தாளில் நிற்கும். தாளை 103 முதல் 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி, ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, மறுபடி நிறுப்பார்கள். வித்தியாசம்தான் துகளின் நிறை.

ஒரு கணக்கு. வெறுந்தாள் 0.0920 கிராம். 250 மில்லிலீற்றர் நீரை வடித்து உலர்த்திய பின் 0.1145 கிராம். வித்தியாசம் 22.5 மில்லிகிராம். ஒரு லீற்றருக்கு அதை நான்கால் பெருக்கினால் 90. அறிக்கையில் டி.எஸ்.எஸ். 90 என்று வரும்.

இதற்கு ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசு வேண்டும். அத்தகைய தராசில் கைரேகையின் எண்ணெய்கூடக் கணக்கில் வரும் என்பதால் தாளை இடுக்கியால்தான் பிடிப்பார்கள். உலர்த்துவதும் அப்படியே. கருவாட்டு வியாபாரம் செய்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரைகுறையாகக் காய்ந்த கருவாடு தராசில் கூடுதலாக நிற்கும், வாங்குபவனுக்கு நட்டம். அதனால் ஒழுங்கான ஆய்வுகூடத்தில் ஒரு தடவை உலர்த்தி நிறுத்ததோடு விடமாட்டார்கள். மீண்டும் உலர்த்தி, மீண்டும் ஆறவைத்து, நிறை மாறாமல் நிற்கும் வரை நிறுப்பார்கள்.

இவ்வளவும் நன்னீருக்கும் உவர்நீருக்கும் பொதுவானவை. உவர்நீருக்கு மாத்திரம் உரிய ஒரு விடயம் இருக்கிறது. இறால்காரர்களுக்கு நட்டம் வருவது அந்த இடத்தில்தான்.

உப்பு செய்யும் வேலை

நீர் முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டதாக நமக்குத் தோன்றும். ஆனால் தாள் ஈரமாகத்தான் இருக்கும். அந்த ஈரம் உவர்நீர். அடுப்பில் வைத்தால் நீர் ஆவியாகும், உப்பு தாளில் தங்கும். புத்தளத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 30 கிராம் உப்புள்ள குளத்து நீர். தாளில் 0.3 மில்லிலீற்றர் தங்கினால், அதாவது ஐந்தாறு துளிகள், அதில் 9 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஆய்வுகூடத்தில் 250 மில்லிலீற்றர் வடித்திருந்தால் இந்த உப்பு டி.எஸ்.எஸ். இலக்கத்தில் 36 ஐக் கூட்டிவிடும். கலங்கல் அதிகமாக இருந்து தாள் அடைத்துக்கொண்டதால் 100 மில்லிலீற்றர் மாத்திரம் வடித்திருந்தால் 90 ஐக் கூட்டிவிடும். தெளிவான நீரும் அழுக்கு நீராகக் கணக்கில் ஏறும்.

இதற்கு மருந்து எளியது. வடித்து முடிந்ததும், உலர்த்துவதற்கு முன், காய்ச்சி வடித்த நீரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். பத்துப் பத்து மில்லிலீற்றராக மூன்று தடவை கழுவுவது சாதாரண நீருக்குரிய வழக்கம். உவர்நீருக்கு அதை விடக் கூடுதலாக, தாளின் ஓரங்களிலும் படும்படி கழுவ வேண்டும். புனலின் விளிம்பு அழுத்தும் ஓரத்தில்தான் உப்பு ஒளிந்துகொள்கிறது.

2022 ஆம் ஆண்டின் இறுதியில் முந்தல் பக்கத்துப் பண்ணை ஒன்றின் இரு பங்காளிகளுக்கிடையே பேசித் தீர்க்க என்னை அழைத்தார்கள். ஒருவர் தீனி வியாபாரி, அவர்தான் முதல் போட்டவர். மற்றவர் குளத்தைப் பார்ப்பவர். வடிகால் நீரின் அறிக்கையில் 162 என்று இருந்தது. தீனிக்காரர் சொன்னார், "நானா, பாருங்க, நான் குடுத்த தீனியெல்லாம் தண்ணியிலதான் கிடக்கு. இவர் கண்ண மூடிக்கிட்டு அள்ளிப் போட்டிருக்கார்." குளத்துக்காரர் தன் பங்குக்கு வேறு ஆய்வுகூடத்தில் எடுத்த அறிக்கையை நீட்டினார். அதே வடிகால், அதே நாள், ஒரே வாளியிலிருந்து நிரப்பிய இரண்டு போத்தல்கள். அதில் 74. "இவர்ட தீனிதான் தூளாப் போகுது, அதயும் நான் சொல்லாம இருந்தன்" என்றார் அவர். ஒருவர் மற்றவருடைய அறிக்கையைப் பொய் அறிக்கை என்றார். மாமன் மச்சான் உறவுக்காரர்கள், பள்ளிவாசலில் ஒரே ஸப்பில் நிற்பவர்கள், ஸலாம் சொல்வதையும் நிறுத்தியிருந்தார்கள்.

நான் இரண்டு ஆய்வுகூடங்களுக்கும் தொலைபேசி எடுத்து இரண்டே கேள்விகள் கேட்டேன். எத்தனை மில்லிலீற்றர் வடித்தீர்கள்? வடித்த பின் எப்படிக் கழுவினீர்கள்? 162 கொடுத்த இடத்தில் 100 மில்லிலீற்றர் வடித்திருந்தார்கள், கழுவவில்லை. அங்கு பெரும்பாலும் வருவது கிணற்று நீரும் தொழிற்சாலைக் கழிவு நீரும். அவற்றில் உப்பு அற்பம் என்பதால் கழுவினாலும் கழுவாவிட்டாலும் இலக்கத்தில் பெரிய மாற்றம் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே இறால் குளத்து நீரையும் செய்திருக்கிறார்கள். மற்ற இடத்தில் கழுவியிருந்தார்கள். மீதமிருந்த நீரை முதல் இடத்திலேயே கழுவிச் செய்யச் சொன்னோம். 78 வந்தது. மோசடி எவரும் செய்யவில்லை. 84 மில்லிகிராம் உப்பு ஒரு பங்கு வியாபாரத்தை உடைக்கப் பார்த்திருக்கிறது.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்பவர்களைப் பற்றி அல்-முதப்பிபீன் என்று ஒரு ஸூராவே இருப்பதை நாம் அறிவோம். அது வேண்டுமென்றே செய்பவர்களைப் பற்றியது. இந்த ஆய்வுகூடத்தாரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் நிறுவையை நம்பிப் பணம் கொடுப்பவன் நிறுத்த முறையைக் கேட்காமலிருப்பதும் சரியான வியாபாரம் அல்ல.

ஆய்வுகூடம் சரியாகக் கழுவுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு தடவை வடித்துத் தெளிந்து வந்த குளத்து நீரையே மறுபடி புதிய தாளில் வடித்து, வழக்கம் போலக் கழுவி, உலர்த்தி, நிறுக்கச் சொல்லுங்கள். துகள் இல்லாத நீர் என்பதால் விடை பூச்சியத்துக்கு அருகில் வர வேண்டும். 30, 40 என்று வந்தால் அது முழுவதும் உப்பு. நல்ல ஆய்வுகூடம் இதைக் கேட்டால் கோபப்படாது.

போத்தலில் பிடிப்பதிலும் இருக்கிறது

எவ்வளவு நல்ல தராசும் போத்தலுக்குள் வந்த நீரைத்தான் நிறுக்கும். துடுப்புச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும் இடத்தில் பிடித்த நீரும், குளத்தின் மறுமூலையில் காற்றில்லாத இடத்தில் பிடித்த நீரும் ஒன்றல்ல. இறங்கி நடந்து அடிச்சேற்றைக் கலக்கிவிட்டுப் பிடித்தால் சேற்றின் கணக்குத்தான் வரும். முழங்கை அளவு ஆழத்தில், அடியைத் தொடாமல், மூன்று நான்கு இடங்களில் பிடித்து ஒரு வாளியில் கலந்து, நன்றாகக் கலக்கியபடியே போத்தலை நிரப்புவது நல்லது. ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் இரண்டு நாள் வேனில் கிடந்த போத்தலில் பாசி செத்து, பக்டீரியா பெருகி, அது வேறு நீராகிவிடும்.

அறுவடையின்போது வெளியேற்றும் நீருக்கு இது இன்னும் முக்கியம். குளத்தைத் திறந்துவிட்டால் முதலில் வரும் முக்கால் பங்கு நீர் ஏறக்குறைய குளத்து நீர் போலவே இருக்கும். கடைசிக் கால் பங்கில்தான் அடியில் கிடந்ததெல்லாம் கிளம்பி வரும். ஆட்கள் இறங்கி வலை இழுப்பதும் அப்போதுதான். ஆரம்பத்தில் ஒரு போத்தல் பிடித்து "எங்கள் வடிகால் சுத்தம்" என்று காட்டுவது சுலபம். நீங்கள் பங்காளியானால் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று போத்தல்களும் கேளுங்கள்.

இலக்கம் பணமாகும் இடங்கள்

ஓர் ஏக்கர் குளத்தில் ஒரு மீற்றர் ஆழம் நீர் என்றால் சுமார் 4,000 கன மீற்றர். டி.எஸ்.எஸ். 100 என்றால் அந்த நீரில் தொங்கிக்கொண்டிருப்பது உலர்ந்த நிறையில் 400 கிலோ. காய்ந்த கணக்கில் எட்டு மூடை! ஈரச்சேறாகப் படியும்போது அதன் பருமன் பல மடங்கு. வாங்கல் கால்வாயிலும் வடிகாலிலும் ஆண்டுக்கு ஆண்டு சேறு நிரம்புவது எப்படி என்பது இதிலிருந்து விளங்கும்.

தீனிக் கணக்கும் இங்கேதான் வருகிறது. ஒரு தொன் இறால் எடுக்க ஒன்றரைத் தொன் தீனி போனால் அது பரவாயில்லாத கணக்கு என்பார்கள். தீனியில் பத்தில் ஒரு பங்கு ஈரம். ஆகவே 1,350 கிலோ உலர் பொருள் உள்ளே போகிறது. இறாலில் முக்கால் பங்கு நீர், ஆகவே வெளியே எடுக்கும் உலர் பொருள் 250 கிலோ அளவில்தான். மிச்சம் 1,100 கிலோ எங்கே? ஒரு பகுதி மூச்சாகிக் காற்றில் போய்விட்டது. ஏனையது நீரிலும் அடியிலும் கிடக்கிறது. தீனி கொடுத்த வியாபாரி குளத்துக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக நடத்தும் குளத்திலும் பெரும் பகுதி இறாலாக மாறுவதில்லை. கேள்வி அளவைப் பற்றியது.

நீர் கலங்கியிருப்பது பாசியாலா, களிமண்ணாலா, கழிவாலா என்பதை டி.எஸ்.எஸ். இலக்கம் மாத்திரம் சொல்லாது. அதே தாளை 550 பாகை வெப்பத்தில் எரித்து மீண்டும் நிறுத்தால் அது தெரியும். எரிந்து போனது பெரும்பாலும் பாசியும் கழிவும் தீனியும், மிஞ்சியது மண். தெதுறு ஓயா, மீ ஓயா பெருக்கெடுக்கும் மழைக் காலத்தில் களப்பு நீரோடு மண் வருகிறது. அது வெளிச்சத்தை மறைக்கும், இறாலின் செவுளில் படியும், ஆனால் அழுகாது. எரியும் பொருள் மிகுந்தால் அது அழுகி ஒட்சிசனைத் தின்னும், அமோனியாவைக் கூட்டும், அடிச்சேறு கறுத்து அழுகிய முட்டை வாடை வீசும். இரண்டுக்கும் பரிகாரம் வேறு. முந்தல் பங்காளிகளின் சண்டையில் எரித்துப் பார்த்திருந்தால் தீனி பற்றிய கேள்விக்கு அன்றே பாதி விடை கிடைத்திருக்கும்.

நீரைத் தொற்றுநீக்குபவர்களுக்கும் இதில் கணக்கு உண்டு. 1996 ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் வந்து வடமேல் மாகாணத்துப் பண்ணைகளைப் படுக்க வைத்ததிலிருந்து, வாங்கும் நீரை முதலில் ஒரு குளத்தில் தேக்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுப் பிறகு பாவிப்பது பல இடங்களில் நடக்கிறது. குளோரின் ஆளைப் பார்த்து வேலை செய்யாது. நோய்க்கிருமியை மாத்திரமன்றி நீரிலுள்ள அழுக்கையும் அது தாக்கும், தாக்கித் தானும் தீர்ந்து போகும். துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அது எட்டாமலும் விடும். கலங்கிய நீரில் போட்ட மூடையில் பாதி அழுக்குக்கே செலவாகிவிட்டால் அந்தப் பணம் வீண், பாதுகாப்பும் இல்லை. முதலில் படிய விட்டு, அளந்து பார்த்து, தெளிந்த பின் போடுபவருக்குக் குறைந்த தூள் போதும்.

எவ்வளவு நேரம் படிய விடுவது? துகளின் பருமனைப் பொறுத்தது. ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கான மணல் துகள் ஒரு மீற்றர் கீழே இறங்கச் சுமார் 2 நிமிடம் போதும். நூறில் ஒரு பங்கான வண்டல் துகளுக்குச் சுமார் 3 மணித்தியாலம். ஆயிரத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்குக் கணக்குப்படி 12, 13 நாட்கள். பருமன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நேரம் நூறு மடங்காகும். நல்ல வேளையாக உவர்நீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி விரைவாக இறங்கிவிடும். பாசியும் தீனித் தூளும் பாரமற்றவை, அவை சுலபத்தில் இறங்காது. ஆகவே படிவுக் குளம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவரிடம், உங்கள் நீரில் எரியும் பகுதி எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

சட்டம் சொல்லும் இலக்கம்

2008 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் விதிகளில், உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளில் விடும் கழிவு நீருக்கான பொது அட்டவணையில் தொங்கல் திண்மத்தின் உச்சம் லீற்றருக்கு 50 மில்லிகிராம். கரையோரக் கடலில் விடும் தொழிற்கழிவு நீருக்கு 150. உங்கள் பண்ணைக்கு எது பொருந்தும் என்பதை அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருப்பதைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். வடமேல் மாகாணத்துக்கென்று தனியான சுற்றாடல் நியதிச் சட்டமும் அதிகார சபையும் இருப்பதால் கொழும்பில் கேட்டதை இங்கே அப்படியே பொருத்தவும் கூடாது.

மேலே சொன்ன பங்காளிகளின் விடயத்தில் உப்பைக் கழித்த பிறகும் 74 உம் 78 உம் நின்றன அல்லவா? சண்டை தீர்ந்தது, வேலை தீரவில்லை. நான் அவர்களிடம், வாங்கும் நீரையும் அதே நாளில் பிடித்து நிறுக்கும்படி சொன்னேன். அதில் 41 இருந்தது. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து எடுக்கும் நீரே அப்படி. அந்தக் கால்வாய் சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைத் தொடுத்துச் செல்கிறது. அதன் இரு கரைகளிலுமுள்ள பண்ணைகள் அதிலேயே எடுத்து அதிலேயே விடுகின்றன. ஒருவரின் வடிகால் அடுத்தவரின் வாங்கல். 41 ஆக வந்தது 74 ஆகப் போகிறது என்றால் அந்தப் பண்ணை சேர்த்தது 33. பொறுப்பை நியாயமாகப் பங்கிட இந்த இரண்டாவது போத்தல் அவசியம். அது இல்லாமல் போனால் மேலே இருப்பவர் கலக்கியதற்குக் கீழே இருப்பவர் பதில் சொல்ல வேண்டி வரும். நோய்க் காலத்தில் நீருடன் வருவது மண் மட்டுமல்ல என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். நக்டா எனப்படும் நீர்வாழ் உயிரினச் செய்கை அதிகார சபையும் வளர்ப்போர் சங்கங்களும் சேர்ந்து வலயம் வலயமாகப் பயிர் நாட்காட்டி வைத்திருப்பதன் காரணங்களில் ஒன்று இந்தப் பொது நீர்தான்.

கரையில் நின்றே பார்ப்பது

ஒவ்வொரு நாளும் ஆய்வுகூடத்துக்குப் போத்தல் அனுப்ப முடியாது. அன்றாடத்துக்கு இரண்டு எளிய கருவிகள் உள்ளன. ஒன்று செக்கித் தட்டு. 1865 ஆம் ஆண்டு செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலின் தெளிவைப் பார்க்கப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். 20 சென்ரிமீற்றர் அகலமான வட்டத் தகட்டை நான்காகப் பிரித்து மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும் பூசி, நடுவில் அளவு குறித்த கயிறும் கீழே பாரமும் கட்டினால் முடிந்தது. தகரக்கடையில் அரை நாளில் செய்து தருவார்கள். நீரில் இறக்கி மறையும் ஆழத்தையும், மேலே இழுத்துத் தெரியும் ஆழத்தையும் பார்த்து இரண்டின் சராசரியை எழுத வேண்டும். முற்பகல் பத்து மணிக்குப் பிறகு, ஒரே ஆள், ஒரே இடத்தில். இறால் குளத்துக்கு 30 முதல் 40 சென்ரிமீற்றர் வரை நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். 25 க்குக் கீழே இறங்கினால் தீனியைக் குறைப்பதா, நீர் மாற்றுவதா என்று யோசிக்கும் நேரம். 60 க்கு மேலே போனால் பாசி போதாது, அடியில் களை முளைக்கும்.

இந்தத் தட்டு நிறுவை அல்ல, பார்வை. செம்மண் கலங்கலும் பச்சைப் பாசியும் அதற்கு ஒன்றுதான், ஆகவே ஆழத்தோடு நிறத்தையும் எழுதுங்கள். வேறு பண்ணையின் அட்டவணையைப் பார்த்து "30 சென்ரிமீற்றர் என்றால் இத்தனை மில்லிகிராம்" என்று சொல்வதிலும் பயனில்லை. ஆய்வுகூடத்துக்குப் போத்தல் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்துத் தட்டு அளவையும் பக்கத்தில் எழுதி வைத்தால், பத்துத் தடவையில் அந்தக் குளத்துக்கென்று சொந்தமான ஓர் அட்டவணை கிடைக்கும். அது எவருடைய புத்தகத்தையும் விட மேல்.

மற்றது இம்கொவ் கூம்பு. ஒரு லீற்றர் கொள்ளும், கீழே கூராக முடியும், அளவு குறித்த பாத்திரம். நீரை ஊற்றி அரை மணித்தியாலம் அசையாமல் வைத்தால் படிந்ததன் பருமன் மில்லிலீற்றரில் தெரியும். பக்டீரியாத் திரளை வேண்டுமென்றே வளர்க்கும் பயோபுளொக் முறையில் வன்னாமி வளர்ப்பவர்களுக்கு இது அன்றாடக் கருவி. அவர்கள் லீற்றருக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் அளவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள், அதற்கு மேல் ஏறினால் படிவுத் தொட்டியால் இழுத்தெடுப்பார்கள். அவர்களுடைய குளத்தில் டி.எஸ்.எஸ். 200, 300 என்று இருப்பது குறையல்ல. அதே இலக்கம் சாதாரணக் குளத்தில் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். எந்த முறை வளர்ப்பு என்று தெரியாமல் இலக்கத்தை மாத்திரம் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.

முற்பணம் கொடுத்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிக்ஹ் நூல்களில் கரர் எனும் நிச்சயமின்மைக்குச் சொல்லப்படும் பழைய உதாரணங்களில் ஒன்று நீரிலுள்ள மீனை விற்பது. குளத்தோடு சேர்த்து மொத்தமாக விலை பேசிக் கைகொடுக்கும் வழக்கம் இன்னமும் நம்மிடையே இருக்கிறது. அதன் ஹுக்மை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் அறிக்கை நல்லதாக இருப்பதால் உள்ளே எத்தனை கிலோ இறால் இருக்கிறது என்பது தெரிந்துவிடாது. அறிக்கையைக் காட்டி மொத்த விலை பேச வருபவரிடம், இறாலைக் கரைக்கு எடுத்து நிறுத்த பிறகு கிலோக் கணக்கில் பேசுவோம் என்று சொல்லுங்கள்.

அந்த முந்தல் பண்ணையில் 2023 ஆம் ஆண்டு வடிகால் முனையில் ஒரு படிவுக் குளம் வெட்டினார்கள். கடைசிக் கால் பங்கு நீரை மட்டும் அதில் இரண்டு நாள் நிறுத்தி விடுகிறார்கள். தீனிக்காரர் இப்போது தட்டு அளவை எழுதும் கொப்பியை மாதத்தில் ஒரு தடவை வந்து பார்க்கிறார். போத்தல் அனுப்பும்போது உறையின் மேல் குளத்துக்காரரே எழுதிவிடுகிறார்: "உவர்நீர். கழுவி நிறுக்கவும்."